லக்சினிக்குப் பூ வைத்த நாள்

நிரோஷாவுக்கு அரசாங்கம் கொடுத்தது ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய பள்ளிக்கூட ஆலோசகர் வேலை. சீப்பும் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை.

அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம் புசல்லாவைப் பக்கம், நுவரெலியா வீதிக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்துதான் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மனநலத்துக்கென்று பொதுப் பணத்தில் ஒரு திட்டம் அங்கே வந்தது. 'மலர்மனம்' என்று பெயர். பெயர் வைப்பதில் நம்முடைய காரியாலயங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. திறப்பு விழாவில் பால்சோறு கொடுத்தார்கள், அறைக்கு மின்விசிறி தருவதாக அறிவித்தார்கள். அந்தக் குளிருக்கு விசிறி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டபோதுதான் நிதி இல்லை என்றார்கள்.

அதற்கு முன்னால் அது விளையாட்டுச் சாமான் போட்டுவைத்த அறை. கிழிந்த வலையையும் காற்றுப்போன பந்துகளையும் நிரோஷாதான் அள்ளி வெளியே போட்டாள். 'ஆலோசனை அறை' என்று வாசலில் பலகை தொங்கியது. பெரிய வகுப்புப் பையன்கள் அதற்கு 'லூசு ரூம்' என்று பெயர் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு தாய் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"எம் புள்ளைக்கு என்ன கேடு? இங்க கூட்டி வச்சு லூசுன்னு முத்திர குத்தப் பாக்குறீங்களா?"

நிரோஷா அன்றைக்கே பலகையைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் செருகினாள். அடுத்த நாள் கதவைத் திறந்துவைத்து, சீப்பை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அவளுடைய வித்தையே அதுதான். தாய்மார் பலர் குவைத்துக்கும் துபாய்க்கும் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். தகப்பன்மார் விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் சிக்குப் பிடித்த தலையோடு பள்ளிக்கூடம் வந்தார்கள். தலை சீவிவிடுகிறேன் வா என்றால் எந்தப் பிள்ளையும் வரும், எந்தத் தாயும் சண்டைக்கு வரமாட்டாள். பிள்ளையைக் கீழ்ப்படியில் உட்காரவைத்துப் பின்னாலிருந்து எண்ணெய் தேய்ப்பாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது, எதிரெதிரே கதிரை போட்டு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று. முகம் பார்த்தால் இந்தப் பிள்ளைகள் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பார்கள். தலை ஒருத்தி கையில் இருக்கும்போது, கண் வீதியில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொல்ல வேண்டியது தானாக வரும்.

இது அவளுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை. நிரோஷா கண்டியில் துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மஹய்யாவவில் பிறந்தவள். அப்பா வீரையா கண்டி நகரத்து வீதிகளைக் கூட்டிப் பெருக்கியே ஓய்வு பெற்றவர். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வீடு எங்கே என்று கேட்டார்கள். அவள் சொன்னதும் பக்கத்துப் பிள்ளை பையை இழுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பல வருடம் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அமைதியான பிள்ளை, நல்ல பிள்ளை என்று ஆசிரியைகள் மெச்சினார்கள். அவளுக்கு அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

பிறகு கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். சனி ஞாயிறுகளில் உளவளத்துணைப் படிப்பை முடித்தாள். முச்சக்கர வண்டி ஓட்டும் யோகராஜைக் கல்யாணம் செய்தாள். முப்பது வயதுக்கு மேல்தான் இந்த வேலை கிடைத்தது. காலையில் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் ஏறினால் கம்பளை வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஆனால் வீரையாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "எம் மகளுக்குத் தனி ரூம் இருக்கு. மேசை கதிரை எல்லாம் இருக்கு" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிச் சொல்லியே கேட்பவர்களை எழுந்து போகவைத்தார். இந்தத் திட்டத்தில் தொடர்ந்து நின்றவர்களை ஒருநாள் நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு இருந்தது. அந்த நிரந்தரம் என்ற சொல்லை வீரையா சாமி பேரைப் போலச் சொல்வார்.

லக்சினி நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் ஒரு சொல் பேசாதவள். தோட்டத்து லயத்து வீட்டில் அப்பாவோடு பேசுவாள், பூனையோடு பேசுவாள், பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். வகுப்பில் அவளை 'ஊமை' என்றுதான் கூப்பிட்டார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் நிரோஷாவின் படிக்கு வந்து உட்கார ஆரம்பித்து ஒரு பள்ளித் தவணை முழுக்கக் கழிந்தது. பேச்சில்லை. நிரோஷாவும் எதையும் கேட்கவில்லை. ஒரு மழை நாளில், பின்னலை முடிக்கிற நேரத்தில், குருவி கத்துகிற அளவுச் சத்தத்தில் லக்சினி சொன்னாள்.

"பூ வேணாம்."

நிரோஷாவின் கை நின்றது. அன்றைக்கு ஒரு பிள்ளை கனகாம்பரம் கொண்டுவந்திருந்தது. மற்றவர்களுக்கு வைத்த மிச்சம் மடியில் இருந்தது.

"சரி, வைக்கல" என்றாள் நிரோஷா, ஒன்றும் நடக்காததுபோல்.

நிரோஷா பூவை மடியிலிருந்து எடுத்து அப்பால் வைத்தாள். பிறகு லக்சினி வீதியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்.

"அன்னைக்கு ஸ்கூல்ல விளையாட்டுப் போட்டி. அம்மா ரெட்டப் பின்னல் போட்டுப் பூ வச்சு அனுப்புனாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா அம்மா இல்ல. குவைத் போயிட்டாங்க."

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நிரோஷா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷமும் இருந்தது அதில். அந்தப் பிள்ளை தன்னிடம் பேசிவிட்டாள்! அதன் பிறகு லக்சினி அந்த அறைக்குள் பேசினாள். மெதுவாகத்தான், நிரோஷாவோடு மட்டும்தான். பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். கணக்கு டீச்சர் மூக்கை உறிஞ்சுவதைச் செய்து காட்டினாள். வெளியே போனால் மறுபடி ஊமை.

வருடக் கடைசியில் வந்தது வினை. திட்டத்துக்கு அடுத்த வருடம் நிதி ஒதுக்குவதா வேண்டாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது என்றார்கள். அதிபர் சேதுராமன் நல்ல மனிதர்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழாயோ கூரைத் தகடோ வரும் என்றால் யார் காலிலும் விழக்கூடியவர். அவர் நிரோஷாவைக் கூப்பிட்டார்.

"டீச்சர், வர்றவங்களுக்குக் கண்ணால பாக்க ஏதாச்சும் வேணும். நீங்க தலை சீவுறதக் காட்டுனா காசு தருவாங்களா? அந்த வாய் பேசாத புள்ள இருக்குல்ல, அது வெத்தில குடுத்து வரவேற்கட்டும். குடுத்துட்டு வணக்கம்னு ஒரு சொல்லு சொல்லட்டும். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"சேர், அவ எங்கிட்ட மட்டுந்தான் பேசுவா. கூட்டத்துல நிப்பாட்டுனா இருக்கிறதும் போயிரும்."

"ரூம் போச்சுன்னா? அப்ப எல்லாப் புள்ளைக்கும் போயிருமே. வலையையும் பந்தையும் திரும்பக் கொண்டுவந்து அடுக்கவா?"

 அவர் சொன்னது பொய் இல்லை. பிள்ளையைக் காட்டினால்தான் பிள்ளைக்கு அறை. பிள்ளைக்காக மறுத்தால் பிள்ளைக்கே அறை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவள் லக்சினியிடம் கேட்டாள். லக்சினி தலையாட்டினாள். நிரோஷா கேட்டால் அந்தப் பிள்ளை எதற்கும் தலையாட்டும் என்பது நிரோஷாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

குழு வருகிற நாள் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வரவேற்பு வரிசையில் நிற்கிற பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் தலை பின்னுகிற பொறுப்பு நிரோஷா தலையில் விழுந்தது. ஒருத்தி முடிய அடுத்தவள், அவள் முடிய அடுத்தவள். எண்ணெய், சீப்பு, ரிப்பன், பூ. கை தன் பாட்டுக்கு ஓடியது. காது, வாகனம் வந்துவிட்டதா என்று வாசலில் இருந்தது. லக்சினியின் முறை வந்தது. எண்ணெய், சீப்பு, ரிப்பன், பூ. முதுகில் தட்டி "போ, போய் வரிசையில நில்லு" என்று அனுப்பினாள். பிள்ளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். நிரோஷா அதற்குள் அடுத்த தலையைப் பிடித்துவிட்டாள்.

வாகனங்கள் வந்தன. குழுவின் தலைவி வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா, சிங்களத்தில் பேசுகிறவர். கூடவே திட்டத்தின் இணைப்பாளர் அரூஸ், மொழிபெயர்த்துச் சொல்வதற்கு. மேளம் அடித்தது. அந்த நேரம் பார்த்துச் சேதுராமன் நிரோஷாவின் காதில், "ரூம் பூட்டிக் கெடக்கு டீச்சர், ஓடிப்போய்த் தொறங்க" என்றார். அவள் ஓடினாள்.

கையில் வெற்றிலைக் கொத்தோடு லக்சினி முன்னால் வந்தாள். அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றாள். ஒரு கை மெல்ல மேலே போய்த் தலையிலிருந்த பூவைத் தொட்டது. அவள் திரும்பி, நிரோஷா நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்தோடு ஓடுகிற முதுகுதான் தெரிந்தது.

"டீச்சரும் போறீங்களா?"

அந்தச் சின்னத் தொண்டைக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. மேளம் நின்றது. நிரோஷா திரும்பினாள். பூவைப் பார்த்தாள். தன் கை செய்ததை அப்போதுதான் கண்டாள்.  வந்த வழியே ஓடிவந்து பிள்ளையை வாரியணைத்தாள்.

"இல்லடி தங்கம். நான் எங்கயும் போக மாட்டேன். போகவே மாட்டேன்."

அரூஸ் அந்த அம்மாவின் காதில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பேசாத பிள்ளை இதுதான் என்று சொல்லியிருப்பார். அம்மாவின் கண் கலங்கியது. அவர் கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். கைத்தொலைபேசிகள் எல்லாம் உயர்ந்தன. பயந்து நடுங்குகிற பிள்ளையையும், அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவளையும் சுற்றி நின்று அந்தக் கூட்டம் கைதட்டியதே, அதை என்னவென்று சொல்வது. சேதுராமன் மெய்யாகவே ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

நிதி கிடைத்தது. ஆனால் கேட்டதில் பாதி. அந்தப் பாதியை எப்படிப் பங்கிடுவது என்று மேலிடத்தில் உட்கார்ந்து யோசித்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அரூஸ் ஒரு மத்தியானம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒங்கட ஸ்கூல்ல வேல முடிஞ்சிட்டுன்னு முடிவு செஞ்சிட்டாங்க. அந்தப் புள்ள பேசின வீடியோவ எல்லாரும் பாத்தாங்க. சரியான சந்தோசம் அவங்களுக்கு. இனி ஒங்கள ரங்கலப் பக்கம் ஒரு ஸ்கூலுக்குப் போடுறாங்க. அங்க இன்னும் தொடங்கவே இல்ல."

"சேர், வேல முடியல. அது பேசுனதில்ல சேர், பயந்து கத்துனது."

 "எனக்கு வெளங்குது டீச்சர். நான் சொல்லியும் பாத்தேன். குணமான எடத்துல எதுக்குக் காசுன்னு கேக்குறாங்க. நான் என்ன செய்ய?"

"நான் போகலன்னா?"

"அப்ப ஒங்கட வேல நிக்கும். அந்த ரூமையும் எப்படியும் மூடத்தான் போறாங்க."

போனாலும் அறை மூடும், போகாவிட்டாலும் மூடும். மறுப்பதற்குக்கூட ஒரு பயன் வைக்கவில்லை. கண்டியிலிருந்த திட்டக் காரியாலயத்தில், வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாள். சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். கிணற்றில் போட்ட கல் மாதிரித்தான் அது. சேதுராமனோ, "ஒங்க தெறமையப் பாத்துத்தானே டீச்சர் கேக்குறாங்க, சந்தோஷமாப் போங்க" என்று வாழ்த்திவிட்டு, அறையைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று அளவு பார்க்கத் தொடங்கியிருந்தார்.

வீட்டில் வீரையா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார். "போகலன்னா நெரந்தரம் கெடைக்காதா?"

"வேலையே இருக்காதுப்பா."

"அப்ப போ" என்றார் அவர். கொஞ்சம் கழித்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "நானும் பிடிக்காத வீதியெல்லாம் கூட்டியிருக்கேன்" என்றார். யோகராஜ் எழுந்து போய் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான்.

இனி ஒன்றுதான் மிச்சம். லக்சினியிடம் சொல்வதா, சொல்லாமல் போவதா. சொல்ல வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நம் வீடுகளில் அதுதானே வழக்கம். பிள்ளை தூங்கும்போது, பிள்ளை விளையாடும்போது, பின்வாசலால் நழுவிப் போய்விடுவது. கேட்டால் பிள்ளையின் நன்மைக்கு என்பது. லக்சினியின் அப்பா கணேஸ், தேயிலைத் தூள் ஒட்டிய சட்டையோடு தொழிற்சாலையிலிருந்து வந்து நின்றார்.

"சொல்லிராதீங்க டீச்சர். அவ அம்மாவும் சொல்லாமத்தான் போனா. சொல்லியிருந்தா இவ காலக் கட்டிக்கிட்டு விட்டிருக்க மாட்டா. நீங்களும் அப்படியே போயிட்டு வாங்க. நான் சமாளிச்சுக்கிறேன்."

நிரோஷாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால். நழுவிப் போவது எவ்வளவு சுகம். அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவள் இரண்டு நாள் அந்த எண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

கடைசி நாளுக்கு முதல் நாள் லக்சினி வழக்கம்போலக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். நிரோஷா எண்ணெய் வைத்தாள், சீவினாள், பின்னினாள். பின்னாலிருந்தே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். வரவில்லை. எழுந்து, படி இறங்கி, பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகத்துக்கு முகம்.

"லக்சினி, எங்கயும் போக மாட்டேன்னு சொன்னேன்ல. அது பொய்யாப் போச்சுடா. வேற ஸ்கூலுக்கு அனுப்புறாங்க. நாளைக்குத்தான் கடைசி."

லக்சினி அழவில்லை. நிரோஷா அழுகைக்குத் தயாராக இருந்தாள், காலைக் கட்டிக்கொள்வதற்குத் தயாராக இருந்தாள், இதற்குத் தயாராக இல்லை. பிள்ளை அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எந்த நேரம் போறீங்க?"

"ஸ்கூல் விட்டதும். கண்டி பஸ்ஸுல."

"நான் பாக்குற மாதிரி போங்க டீச்சர்."

மறுநாள் சேதுராமன் ஒரு சால்வை போர்த்தினார். பள்ளிக்கூடம் விட்டது. நிரோஷா சீப்பையும் எண்ணெய்ப் போத்தலையும் கைப்பையில் வைத்துக்கொண்டு கீழே வீதிக்கு இறங்கினாள். பஸ் தரிப்பிடத்தில் லக்சினி ஏற்கெனவே நின்றிருந்தாள். தலையில் பூ இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். 

ஒரு பஸ் வந்தது. இடம் இருந்தது. நடத்துநர் கண்டியின் சிங்களப் பெயரைச் சொல்லி "நுவர, நுவர" என்று கத்தினான். நிரோஷா ஏறவில்லை. பஸ் போனது. இன்னொன்று வந்தது. அதையும் விட்டாள். அடுத்தது வராமலே இருக்கட்டும் என்று நினைத்தாள். ஏதாவது ஆகட்டும், மலை சரியட்டும், வீதி மூடட்டும் என்றுகூட நினைத்தாள். வீதிக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்றாவது பஸ்ஸும் வளைவில் திரும்பி வந்து அவர்களுக்கு முன்னால் நின்றது.

லக்சினி நிமிர்ந்து பார்த்தாள். அறைக்குள் பேசுகிற அதே மெல்லிய குரலில், ஆனால் வீதியில் நின்றுகொண்டு, நடத்துநரும் வழிப்போக்கரும் கேட்கச் சொன்னாள்.

"ஏறுங்க டீச்சர். நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்."

நிரோஷா ஏறினாள்.